மாப்ளையின் இடது கொம்பு

பேகம்பூர், திண்டுக்கல்
மே 3

ஏ பவித்ரா,

கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சையில், பொருட்காட்சி பார்த்த அனுபவத்தைத் தோழிக்கு எழுது என்று கேட்டபோது எழுதியதுதான் கடைசி. நீ வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். இன்ஸ்டாவிலும் செய்துவிட்டாய். உன் அம்மா போனுக்குக் கூப்பிட்டால், "அவ பூவெடுக்கப் போயிட்டா கண்ணு" என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். உச்சி வெயிலில் எந்த ஊரில் பூவெடுக்கிறார்கள்? தபால்காரரை உன்னால் பிளாக் செய்ய முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் அப்படி என்ன செய்துவிட்டேன்? ஒரு வீடியோ போட்டேன். மாப்ள ஒரு கொம்பில் வெள்ளை மாவுக்கட்டோடு ஓடுகிறதையும், நீ பின்னாலேயே "ஏலே நில்லுலே" என்று விளக்குமாற்றோடு ஓடுகிறதையும் பார்த்து வகுப்பே சிரித்தது. அல்போன்சா சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது என்றாள். சிரிக்கத்தானே போட்டேன். உனக்கு இம்புட்டு ரோஷம் வரும் என்று தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

ஜூன் மாதம் மதுரையில் வேஷப் போட்டி. நம் கேமில் வருகிற நிசாராவாக நான் மேடையேற வேண்டும், நீ செய்த கிரீடம் என் தலையில் இருக்க வேண்டும் என்று தீபாவளியிலிருந்து பேசி வைத்திருக்கிறோம். கிரீடம் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. பிரியாணிப் பார்சல் டப்பாவின் வெள்ளித் தகடு, குக்கர் கேஸ்கட், உடைந்த குடைக் கம்பி எல்லாம் சேர்ந்து நிஜ வெள்ளி மாதிரியே பளபளக்கிறது. கொம்பு மட்டும்தான் இல்லை. காகிதத்தில் நாம் செய்த கொம்பு இரண்டும் முருங்கைக்காய் மாதிரி இருந்ததால்தானே, மாப்ளையின் கொம்பிலிருந்தே அச்செடுக்கலாம் என்று சொன்னேன்? நிசாராவின் கொம்பும் அவன் கொம்பும் ஒரே சுருள். அதுவும் அவன் எங்கள் ஆடு. பக்ரீத்துக்காக என் அம்மா குட்டியிலேயே பொறுக்கி, உன் அப்பாவிடம் வளர்க்க விட்ட கிடா. எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

வீடியோவை எடுத்துவிட்டேன். பிளாக்கை எடு.

நுஸைபா


வடமதுரை
மே 7

நுஸைபா,

வீடியோவை எடுத்தது சரி. பிளாக்கை எடுக்க மாட்டேன்.

அன்றைக்கு உன் அண்ணன் ரோட்டில் நின்று ஹாரன் அடித்ததும், "கட்டு காஞ்சா நீயே கழட்டிரு பவி" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாய். காய்ந்த பிறகு என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கிறாயா என்று உன் கடிதம் முழுக்கத் தேடினேன். அல்போன்சாவின் வயிற்று வலிதான் இருக்கிறது.

கொம்பு செய்யப் போகிறேன். எனக்குச் சில சாமான் வேண்டும். செருப்புக்குப் போடுகிற பிரவுன் பாலிஷ், கறுப்பு பாலிஷ், எம்சீல். உன் சாச்சா வேலை பார்க்கிற தோல் பதனிடும் ஷாப்பில் முடி எடுக்காத ஆட்டுத்தோல் துண்டு கிடந்தால் அதுவும். கறுப்பு முடியாக இருக்க வேண்டும். எதற்கு என்று கேட்காதே.

வீட்டுப் பக்கம் வராதே. அப்பா மாந்தோப்புக் காவலுக்குப் போய் அங்கேயே தங்கியிருக்கிறார். வாரத்துக்கு ஒரு முறை இருட்டிய பிறகு வந்து, சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார். நானும் அம்மாவும்தான். நீ வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

பவித்ரா


பேகம்பூர்
மே 10

என் தங்கமே,

கொம்பு செய்யப் போகிறேன் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு நான் குதித்த குதியில், கீழ்வீட்டுக்காரர்கள் மேலே ஏறி வந்து எட்டிப் பார்த்தார்கள். இஷாக் அண்ணன் அய்யலூர் பக்கம் போகிறான், அவன் கையில் பையைக் கொடுத்து விடுகிறேன். நீ கேட்டது எல்லாம் இருக்கிறது. தோல் துண்டைப் பார்த்து சாச்சா, "எதுக்கும்மா இந்த நாத்தம் புடிச்சத கேக்குற?" என்றார். காலேஜ் ப்ராஜெக்ட் என்றேன். முழுப் பொய்யும் இல்லை.

ஆனாலும் முடி எதற்கு? நிசாராவுக்கு நெற்றியில் ஆட்டு முடி கிடையாதே. கேட்காதே என்றாய், கேட்டுவிட்டேன். இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அன்றைக்குக் கட்டு காய்ந்த பிறகு என்ன ஆயிற்று? அச்சு நன்றாக வந்ததா? இப்போது திருப்திதானே?

இங்கே அம்மா இப்போதே பெருநாளை ஆரம்பித்துவிட்டார்கள். இதுவரை எங்கள் வீட்டில் அத்தா பேரில்தான் குர்பானி. இந்த வருஷம்தான் முதல் முறையாக அம்மா குர்ஷித் பேகம் பேரில். ஊரார் ஜாக்கெட்டெல்லாம் தைத்துச் சேர்த்த காசில் வாங்கிய ஆடு. மாசா மாசம் அகத்திக்கீரைக் கட்டோடு பஸ் ஏறி வந்து தன் கையால் ஊட்டிவிட்டுப் போவார்களே. "என்னையப் பாத்தா அவன் தலைய ஆட்டுறான்டி" என்று ஊரெல்லாம் பெருமை. இந்த மாதம் முழங்கால் வலி, வர முடியவில்லை. அதிலேயே பாதி உயிர் போய்விட்டது அவர்களுக்கு. இருபத்தொன்றாம் தேதி வியாழக்கிழமை அத்தா வந்து பிடித்துக்கொண்டு வருவார்.

இரண்டு கொம்பும் ஒரே அளவில் வரட்டும். பிளாக்கை எடு.

நுஸை


வடமதுரை
மே 14

நுஸை,

அச்சு நன்றாக வந்தது. கொம்போடு வந்தது.

சுருண்ட கொம்பைச் சுற்றி ஒரே கட்டாகப் போட்டால் எப்படிக் கழற்றுவது? இரண்டு பாதியாகப் போட்டிருக்க வேண்டும். அது நம் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை. முதலில் வாசலின் தடவ வேண்டும் என்று யூடியூபில் சொன்னார்கள். நீ வாங்கி வர மறந்தாய். "கொம்பு வழுவழுன்னுதான இருக்கு, எதுக்கு எண்ணெய்" என்றாய். ஆட்டுக் கொம்பு படிபடியாக வரி விட்டிருக்கும். மாவு அந்த வரிக்குள் போய்ப் பிடித்துக்கொண்டது. காயக் காய அவனுக்குச் சுட்டிருக்கிறது. அதனால்தான் அப்படி ஓடினான். அதைத்தான் நீ வீடியோ எடுத்தாய்.

நீ போன பிறகு கத்தரிக்கோலால் கட்டை வெட்டப் பார்த்தேன். திமிறிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் மோதினான். கட்டும் கொம்பும் சேர்ந்து கீழே விழுந்தது. அடியில் ஒரு விரற்கடைதான் மிச்சம். ரத்தம் அவன் கண்ணுக்குள் வழிந்தது. அம்மா மஞ்சளை வைத்து அப்பாவின் பழைய வேட்டித் துணியால் அழுத்திப் பிடித்தாள். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த நேரம் பார்த்து என் போன் விடாமல் கத்தியது. எடுத்துப் பார்த்தால் உன் வீடியோ. கீழே எல்லாரும் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். அப்போதுதான் உன்னை பிளாக் செய்தேன்.

நான் செய்கிற கொம்பு கிரீடத்துக்கு இல்லை. மாப்ளைக்கு.

உடைந்த கொம்பு உள்ளே இருந்த கட்டை இரண்டாக அறுத்தேன். அப்படியொரு அச்சு நமக்கு இனிமேல் கிடைக்காது. வரிக்கு வரி பதிந்திருக்கிறது. அதில் காகிதக் கூழும் மரத்தூளும் பசையும் கலந்து அடைத்து, நிழலில் காய வைத்தேன். அடியில் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி வைத்திருக்கிறேன், மிச்சக் கொம்பில் கப்பென்று மாட்டிக்கொள்ளும். சுற்றிலும் எம்சீல். இரண்டு பாலிஷையும் கலந்து துணியால் தேய்த்தேன். ஒட்டுத் தெரியாமல் இருக்க நீ அனுப்பிய முடித்தோல். புண் ஆறிவிட்டது, நேற்று மாட்டிவிட்டேன்.

அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. இருட்டில் வந்து இருட்டில் போகிறவர். உன் அத்தா வந்து பிடித்துப் போகட்டும், பெருநாள் முடிந்தால் எல்லாம் முடிந்தது. உன்னிடம் சொல்லியிருக்கக் கூடாதுதான். வேறு யாரிடம் சொல்வது?

பவி


பேகம்பூர்
மே 16

பவி,

உன் கடிதத்தைக் குளியலறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு படித்தேன். நான் சிரித்த சிரிப்பை நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மாப்ளையிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

ஆனால் நீ செய்திருக்கிற காரியம் சரியில்லை பவி. குர்பானி ஆட்டுக்கு ஊனம் இருக்கக் கூடாது. சும்மா பார்வைக்காகச் சொல்கிற பேச்சு இல்லை இது. தெரிந்தவர்கள் வீட்டு ஆடு என்று சொல்லி, இஷாக் அண்ணனைவிட்டு பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்கச் சொன்னேன். கொம்பு நுனி உடைந்தால் பரவாயில்லையாம். பாதிக்கு மேல் உடைந்து போயிருந்தால் கூடாதாம். "யார் வீட்டு ஆடு?" என்று அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

அம்மா தன் பேரில் கொடுக்கிற முதல் குர்பானி. அது செல்லாமலே போகும், நிறைவேறிவிட்டது என்று அவர்கள் நினைத்துக்கொண்டே இருப்பார்கள். வாழ்நாள் முழுக்க என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். என்னால் முடியாது. சொல்லிவிடப் போகிறேன்.

காலையிலிருந்து தையல் மிஷினுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறேன். "அம்மா" என்கிறேன். "என்னடி?" என்கிறார்கள். "தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டு வருகிறேன். அம்மா இன்றைக்கு ஒரு குடம் தண்ணீர் குடித்திருப்பார்கள்.

நாளைக்குக் கட்டாயம் சொல்கிறேன்.

நுஸை


வடமதுரை
மே 18

சொல்லாதே.

உனக்குத் தெரியாது நுஸை. பேகம்பூரில் எத்தனையோ வீட்டு ஆடு எங்கள் பட்டியில்தான் வளர்கிறது. பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. உடையப்பன்கிட்ட விட்டா ஆட்டு மேல ஒரு கீறல் இருக்காது என்று அப்பாவைப் பற்றிச் சொல்கிற ஒரே பேச்சுதான். அந்தப் பேச்சில்தான் நாங்கள் சாப்பிடுகிறோம். என் காலேஜ் பஸ்பாஸும் அந்தப் பேச்சில்தான் வருகிறது. நீ சொன்னால் உன் அம்மா இரண்டு நாள் உன்னோடு பேச மாட்டார்கள், பிறகு பேசிவிடுவார்கள். எங்களுக்குப் பட்டி காலியாகிவிடும்.

ஊனம் கூடாது என்று எனக்குப் பாடம் நடத்தாதே. கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா மாப்ளைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அதன் காதில் ஒரு கிழிசல் விழுந்தாலும் அப்பா அதைக் கோயில் பக்கம் கொண்டுபோக மாட்டார். நான் தெரியாமல் செய்யவில்லை. தெரிந்துதான் செய்தேன். அதனால்தான் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

யோசனை உன்னுடையது. அச்செடுக்க வேண்டாம் என்று நான் சொன்னபோது, "அவனுக்கு என்ன ஆகிரப் போகுது, பயந்தாங்கொள்ளி" என்றாய். அதையும் சேர்த்துச் சொல்வாயா உன் அம்மாவிடம்?

ஒன்று சொல்ல வேண்டும். கொம்பு அம்புட்டு அழகாக வந்திருக்கிறது. முதலில் எடை கம்மியாகி அவன் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான். கழற்றி, உள்ளே ஆற்று மணல் கொஞ்சம் போட்டு அடைத்தேன். இப்போது நேராக நிற்கிறான். எது நிஜக் கொம்பு என்று எனக்கே ஒரு நொடி தடுமாறுகிறது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்ததிலேயே இதுதான் உருப்படியானது. இதை ஒருவருக்கும் காட்ட முடியாது.

பவி


பேகம்பூர்
மே 19

பவி,

சொல்லவில்லை. நீ கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நிஜத்தில் பயம். யோசனை யாருடையது என்று நீ எழுதியிருந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டுதான் மிச்சத்தைப் படித்தேன்.

அம்மா மாப்ளை கழுத்துக்கு நீலத் துணியில் பட்டை தைத்து, ஓரத்தில் ஜரிகை வைத்திருக்கிறார்கள். வந்ததும் நன்றாகக் குளிப்பாட்டி, கொம்புக்கு மருதாணி வைக்க வேண்டுமாம். உன் காகிதக் கொம்பு தண்ணீர் தாங்குமா பவி? மருதாணி ஈரம் தாங்குமா? ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. மாடிக்குப் போகிறேன், இறங்குகிறேன், மறுபடி போகிறேன். அத்தா புதுக் கயிறு வாங்கி வந்துவிட்டார்.

வார்னிஷ் இருந்தால் அடி.

நுஸை


வடமதுரை
மே 23

நுஸை,

வார்னிஷ் அடிக்கவில்லை.

வியாழக்கிழமை விடிகாலையிலேயே உன் அத்தா வந்தார். அப்பாவும் தோப்பிலிருந்து நேரே வந்துவிட்டார். உன் அத்தா மாப்ளையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். நாலு எட்டு நடக்கவிட்டுக் காலைப் பார்த்தார். பிறகு கொம்பைப் பிடித்தார். இடது கொம்பை. நானும் அம்மாவும் அடுப்படி வாசலில் நின்றோம்.

"மாஷா அல்லாஹ், கொம்பப் பாருங்க உடையப்பன். செதுக்கி வச்ச மாதிரி" என்றார்.

அப்பா சிரித்தார். "நம்ம பட்டில வேற எப்படி இருக்கும் பாய்?" என்றார்.

அவ்வளவுதான். தப்பித்துவிட்டோம். கயிற்றை மாட்டி ஆட்டோவில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. அந்தக் கொம்பைச் செதுக்கியது நான். அதற்கு அப்பா பெருமைப்படுகிறார். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை நுஸை. உன் அம்மாவை நினைத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் அப்பாவின் சிரிப்பைத்தான் பார்த்தேன். நேரே போய் மாப்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டு கொம்பைத் திருகினேன். நன்றாக ஒட்டியிருந்தது. இரண்டு தடவை திருக வேண்டியிருந்தது. கழன்று வந்ததும் உள்ளேயிருந்த மணல் உன் அத்தா செருப்பு மேல் கொட்டியது.

அப்பா என்னை அடிக்கவில்லை. கொம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாய், பாக்காம விட்டது என் தப்பு" என்றார். அவர் யாருக்கு முன்னாலும் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. உன் அத்தா செருப்பை உதறி மணலைக் கொட்டினார். அப்புறம், "விடுங்க உடையப்பன். புள்ளையே கழட்டிக் காட்டிருச்சுல்ல. வாங்க, சந்தை கலையிறதுக்குள்ள போவோம்" என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு அய்யலூர் சந்தைக்குப் போனார். வேறொரு ஆட்டோடுதான் ஊர் திரும்பினார்.

கிளம்புவதற்கு முன் உன் அத்தா எப்படி உடைந்தது என்று கேட்டார். விளையாட்டுச் சாமான் செய்ய அச்செடுத்தேன் என்றேன். உன் பேரைச் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்றுகிற பெரிய மனசெல்லாம் எனக்கு இல்லை. நீயே சொல்லியிருப்பாய், இல்லாவிட்டால் சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன்.

நேற்று உங்கள் பேகம்பூர் கமர்ஜஹான் மாமி வீட்டிலிருந்து ஆள் வந்து அவர்கள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை, கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுத் திரும்பத் தோப்புக்குப் போய்விட்டார். என்னோடு இன்னும் பேசவில்லை.

அல்லாவுக்கும் ஆகாமல், கருப்பசாமிக்கும் ஆகாமல், மாப்ள ஒற்றைக் கொம்போடு வேப்பமரத்தடியில் நின்று இலை தின்கிறான். எங்கள் வீட்டில் நிம்மதியாக இருக்கிறவன் அவன் ஒருத்தன்தான்.

பவித்ரா


வடமதுரை, உங்கள் தெருமுனை டீக்கடை
பெருநாள், மத்தியானம்

பவி,

ஆம், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். டீக்கடைக்காரரிடம் பேனா வாங்கி எழுதுகிறேன். போன் செய்யலாம் என்றால் நீ இன்னும் பிளாக்கை எடுக்கவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே அம்மாவிடம் சொன்னேன். இந்தத் தடவை தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. யோசனை, வாசலின், பயந்தாங்கொள்ளி, வீடியோ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவனுக்கு ரொம்ப வலிச்சிருக்கும்ல?" என்றார்கள். அதற்குப் பிறகு அழுதார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று சாயங்காலம் முழங்கால் வலியோடு எழுந்து துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, என்னைக் கையைப் பிடித்து கமர்ஜஹான் மாமி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். "சொல்லுடி" என்றார்கள். சொன்னேன். "ஊர் புள்ளைய ஒத்தையா நிக்க வச்சுட்டு என் மக வீட்ல ஒளிஞ்சுக்கிட்டா. உடையப்பண்ணன் மேல ஒரு குத்தமும் இல்ல" என்று அம்மா சொன்னார்கள். அடுத்த வருஷக் குட்டியை உங்கள் பட்டியிலேயே விடுவதாக மாமி சொன்னார்கள். மனசாரச் சொன்னார்களா, அம்மா முகத்துக்காகச் சொன்னார்களா, தெரியாது.

இன்று காலையில் தொழுகை முடிந்து, சந்தையில் வாங்கிய ஆட்டைக் குர்பானி கொடுத்தோம். நீலப் பட்டையை அம்மா அதற்குக் கட்டவில்லை. கறியைப் பங்கு வைத்தபோது உங்கள் வீட்டுப் பங்கைத் தன் கையால் எடுத்து வைத்தார்கள். கூடவே அகத்திக்கீரை ஒரு கட்டு, மேலே அந்த நீலப் பட்டை. "கறிய பவி அம்மா ஒச்சம்மா கையில குடு. கீரை அவனுக்கு. உடையப்பண்ணன்கிட்ட நீ செஞ்சத நீயே சொல்லு. சொல்லாம இந்த வீட்டு வாசப்படி ஏறாத" என்றார்கள். எனக்குச் சாப்பிட ஒரு வாய்கூடக் கொடுத்து விடவில்லை.

இது மூன்றாவது டீ. செத்த நேரத்துக்கு முன்னால் திண்டுக்கல் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூவினார், நானும் எழுந்துவிட்டேன். அப்புறம் உட்கார்ந்துவிட்டேன். இங்கிருந்து பார்த்தால் உங்கள் வேப்பமரம் தெரிகிறது. அதன் அடியில் உன் அப்பா தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். மாப்ள அவர் முதுகை ஒற்றைக் கொம்பால் உரசுகிறான்.

உன் அப்பாவிடம் எப்படி ஆரம்பிப்பது பவி? பத்துத் தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் உன் பேரில்தான் ஆரம்பிக்கிறது. அதை மாற்றி, "நான்தான்" என்று ஆரம்பிக்க வேண்டும்.

மதுரைப் போட்டிக்குப் போவதா வேண்டாமா என்று என்னைக் கேட்காதே. கிரீடம் உன்னுடையது, நீ சொல்வதுதான்.

டீக்கடைக்காரர் என் பையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பெருநாள் கறியா? வெயில்ல வச்சிருக்காத, கெட்டுப் போயிரும்" என்கிறார்.

இந்தக் கடிதத்தைக் கீரைக் கட்டில் செருகுகிறேன். மாப்ள தின்பதற்குள் எடுத்துப் படி. நீ படிக்கும்போது நான் உன் அப்பாவிடம் சொல்லி முடித்திருப்பேன். முடிக்க முடியாமல் அழுதுகொண்டு நின்றால், வந்து பக்கத்தில் நில். பேச வேண்டாம், நின்றால் போதும்.

எழுந்துவிட்டேன். வாரேன்.

நுஸைபா